தங்கமுத்து சாகவில்லை

லூயிஷாம், லண்டன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சுபாஸ்கரனுக்கு,

நீயும் கோசிகாவும் பிள்ளைகளும் பிறிஸ்பேனில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்கிறேன். நான் சுகம், முழங்கால் மட்டும் படி இறங்க மறுக்கிறது. சுகம் விசாரித்தாயிற்று. இனி எழுதுவதெல்லாம் கோபத்தோடு எழுதுவது, இருந்து வாசி.

வெள்ளிக்கிழமை சிவன் கோவிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது கலாவதி, கிழக்கு லண்டன் பார்க்கிங்கில் நகைக்கடை வைத்திருப்பவரின் மனைவி, தன் போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். நமது குடும்ப ஒன்றுகூடலுக்கு நீ செய்த வம்ச வரைபடமாம், பேஸ்புக்கில் போட்டிருக்கிறாயாம். "மாமி, உங்கட பூட்டனார் மலாயாவில பெரிய ஆள்தான், ரெண்டு பெண்சாதியாமே" என்று சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். அருமைநாயகம், மலாயா றெயில்வே. முதல் தாரம் தங்கமுத்து, இளவயதில் இறந்தார். இரண்டாம் தாரம் எலிசா, கணவரோடு மலாயாவுக்குப் போய்க் குடும்பத்தை நிலைநிறுத்தியவர். எலிசாவுக்கு மானிப்பாய்ச் சேமக்காலையில் புதுக் கல்லறைக்கல் வைக்கப்போகிறாயாம், அதிலும் இதையே வெட்டுவிக்கப் போகிறாயாம். தட்டை அப்படியே வைத்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தங்கமுத்துவும் எலிசாவும் ஒரே ஆள். என் பூட்டியை மிஷன் விடுதிப் பள்ளியில் சேர்த்தபோது, அவருடைய படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கச் சீமாட்டியின் பெயரையே அவருக்கு வைத்தார்கள், அந்தக் காலத்து விடுதிகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் தங்கமுத்து, பள்ளியிலும் தேவாலயத்திலும் எலிசா. மலாயாவில் இந்த இரண்டாம் பெயரே நிலைத்துவிட்டது. தங்கமுத்து உன் கம்ப்யூட்டரில் அகப்படவில்லை என்றவுடன் செத்துவிட்டார் என்று எழுதிவிட்டாய். அத்தோடு நின்றாயா? பிள்ளைகளையும் பங்கு பிரித்திருக்கிறாய், யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் ஒருத்திக்கு, மலாயாவில் தைப்பிங்கில் பிறந்தவர்கள் மற்றவளுக்கு. மூத்தவன் சாமுவேலைக் கைக்குழந்தையாகக் கொண்டு கப்பலேறியவர் அவர். ஓலை வேய்ந்த குவாட்டர்சில், காட்டு ஓரத்தில், காய்ச்சலில் அந்தப் பிள்ளையைப் பறிகொடுத்துப் புதைத்தவர். துக்கம் ஆறுமுன்னே பக்கத்து வீட்டு கிளார்க்கின் மனைவிக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போனார், அங்கே வேறு பெண்கள் இல்லை. அந்தச் சாமுவேலை நீ செத்துப்போன முதல் தாரத்தின் மகன் என்று எழுதியிருக்கிறாய். பெற்றவளின் கல்லிலேயே அவனுக்கு இடம் இல்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பூட்டி என் தலையில் பேன் பார்த்தவர். அவர் சாகும்போது எனக்கு ஏழு வயது. பேன் குத்திக்கொண்டே, "எலிசா எண்டு துரைசாணி வைச்சது, தங்கமுத்து எண்டு என்ரை அம்மா வைச்சது. ஆர் எந்தப் பேரைக் கூப்பிட்டாலும் நான்தானே எழும்பி வேலை செய்யோணும்" என்பார். சாமுவேல் என்ற பெயர் வந்தால் மட்டும் கை நின்றுவிடும்.

வம்சம் கண்டுபிடிக்க நீ எச்சிலைக் குழாயில் அடைத்து அனுப்பினாய், எவனோ வெள்ளைக்காரனுக்கு வருடச் சந்தா கட்டினாய். லூயிஷாமில் உயிரோடு இருக்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிறு தோறும் போன் எடுக்கிறாய், "மருந்து போட்டீங்களோ அம்மா, ஹீட்டர் எரியுதோ" என்கிறாய். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்றா நினைத்தாய்? கொன்வென்டில் சிஸ்டர்மார் கடைசி வகுப்புவரை என்னைக் கமிலா என்றுதான் கூப்பிட்டார்கள். நாளைக்கு உன் பேரன் காலமான உன் அப்பாவுக்கும் இரண்டு தாரம் கட்டிவைத்து, அதில் ஒருத்தியாக என்னைச் சாகடிப்பான். அந்த சிஸ்டர்மார் விசாரிக்காமல் எழுதிய பக்கத்தைக் கிழித்துத் திரும்ப எழுத வைப்பார்கள். நீயும் திரும்ப எழுது.

மானிப்பாயில் கல் வெட்டுகிறவருக்கு இன்றைக்கே சொல்லி நிறுத்து. எலிசா தங்கமுத்து, அருமைநாயகத்தின் ஒரே மனைவி என்று வெட்டட்டும். கீழே பிள்ளைகள் எல்லாரும், முதலில் சாமுவேல். பேஸ்புக்கிலும் திருத்து, கலாவதிக்கு நான் காட்டவேண்டும்.

கோசிகாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி எப்போதும் உண்டு. கோபம் உன்னோடு மட்டும்தான், அதுவும் கல் சரியாக வந்தால் தீரும். வரும் ஞாயிறு போன் எடுக்கும்போது ஹீட்டரை விசாரிக்காதே. பூட்டியை விசாரி.

உன் அம்மா,
கமலாம்பிகை.
கொன்வென்டில் கமிலா. ஒரே ஆள், இன்னும் உயிரோடு.