பிரசவ அறைக்கு வெளியே

பிப்ரவரி 4

என்னங்க,

நல்லபடியாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். அத்தையிடம் உடனே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கவலையில் உங்களைப் படுத்தி எடுத்துவிடுவார்கள்.

எங்கள் தொண்டர் குழுவில் ஐந்து பேர். மற்ற நால்வரும் பட்டம் வாங்கிய சூட்டோடு வந்த சின்னப் பிள்ளைகள். கல்யாணமானவள் நான் ஒருத்திதான்; அதனால் எல்லோருக்கும் ‘அக்கா’ ஆகிவிட்டேன். ஆஸ்பத்திரி சிறியது. “நர்ஸிங் படிச்சிருக்கீங்க, பிரசவ அறையப் பாத்துக்குங்க” என்றார் டாக்டரம்மா. முடியாது என்றேன். போன வருஷம் நம் குழந்தை பிறந்த சற்று நேரத்திலேயே போனதைச் சொன்னேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஊர்க் கர்ப்பிணிகளுக்குப் பிரசவ வகுப்பு எடுக்கும் வேலையைக் கொடுத்துவிட்டார்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்பு மனைவி


பிப்ரவரி 27

நர்ஸம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நானும் அம்மாவும் சௌக்கியம். மூக்குக் கண்ணாடிக் கடையில் வியாபாரம் சுமார். நீ மேல்படிப்புக்குப் போயிருப்பதாக அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். “புருஷனை விட்டுட்டு சேவை செய்யப் போயிட்டான்னு எப்படிடா சொல்றது?” என்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒப்பந்தம் இரண்டு வருஷம். முடிந்ததும் ஊருக்குத் திரும்புவாய், தெரியும். இந்த வீட்டுக்குத் திரும்புவாயா?

இப்படிக்கு,
கடைக்காரன்


ஏப்ரல் 2

என்னங்க,

வகுப்பு நன்றாகப் போகிறது. என் அரைகுறை பாஷையில் ‘மூச்சை விடு’ என்பதற்குப் பதில் ‘மாட்டை விடு’ என்று சொல்லிவிட்டேனாம். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆஸ்பத்திரிச் சமையல்காரி ஏழு மாத வயிற்றோடு முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, “மாடு போயிடுச்சு, அடுத்தது சொல்லுங்க” என்றாள். தலையணை உறைக்குள் பஞ்சடைத்து ஒரு பொம்மைக் குழந்தை தைத்திருக்கிறோம். அதைக்கூட நான் தூக்குவதில்லை, சமையல்காரி கையில் கொடுத்துவிடுகிறேன்.

கடையில் ரொம்ப நேரம் குனிந்தே உட்காராதீர்கள், கழுத்து வலிக்கும்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 25

நர்ஸம்மாவுக்கு,

மாடு வந்தது, சமையல்காரி வந்தாள், என் கழுத்துகூட வந்தது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் வரவில்லை.

குழந்தையை இழந்தவள் நீ மட்டும்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நீயும்தான். அன்றைக்கு நீ மயக்கத்தில் இருந்தாய். நர்ஸ் நம் மகளை என்னிடம்தான் கொடுத்தாள். கடைசிவரை என் கையில்தான் இருந்தாள். நீ என்னை ஏறிட்டுப் பார்த்தால்தானே இதையெல்லாம் சொல்வது?

இனி நீ எழுதினால் எழுதுகிறேன்.

கடைக்காரன்


ஜூன் 9

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மறுபடி பார்க்கப் பயந்துகொண்டு திரிந்தேன்.

நேற்று மதியம் மழையில் சாலை உடைந்து டாக்டரம்மா அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். வகுப்பில் சமையல்காரிக்கு வலி கண்டுவிட்டது. என்னால் முடியாது என்றேன். அவள் என் கையை விடவில்லை. “நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் நம்பிக்கிட்டிருக்கேன். இப்பப் போயி முடியாதுங்கறீங்களே!”

உள்ளே போனேன். குழந்தை வந்தது, அழவில்லை. என் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. சளியை எடுத்தேன், முதுகைத் தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன். வீல் என்று ஒரு சத்தம்! அதைவிடப் பெரிதாக நான் அழுதேன். பிள்ளை பெற்றவள் எனக்கு ஆறுதல் சொன்னாள், போங்கள்.

அப்புறம்தான் உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். நம் மகள் யாருமில்லாமல் போய்விட்டாள் என்றுதான் இத்தனை நாளும் எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது. உங்கள் கையில் இருந்திருக்கிறாள். முடி இருந்ததா? யார் ஜாடை? எழுதுங்கள்.

நம் வீட்டுக்குத்தான் வருவேன். வேறு எங்கே போவேன்?

உங்கள்
நர்ஸம்மா


ஜூன் 30

என் நர்ஸம்மாவுக்கு,

கடையில் வைத்தே படித்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே ஒரு வாடிக்கையாளர். “கண்ணாடி விக்கிறவருக்கே கண்ணுல கோளாறா?” என்றார். வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனை நாளாகிறது!

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்சநேரம் அழுதாள். மறுநாள் தெருவில் அவள் குரல்: “மேல்படிப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, எம் மருமக வெளிநாட்டுல பிரசவம் பாக்குறா!”

முடி இருந்தது. கருகருவென்று நெற்றிவரைக்கும். மூக்கு உன்னுடையது. என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவளை ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். யாரிடமும் சொன்னதில்லை. அதைத் தபாலில் அனுப்ப மனசு வரவில்லை.

கடையை இரண்டு வாரம் பூட்டுகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. நேரில் வந்து உன் காதில் சொல்கிறேன்.

உன்னவன்