சாவி திருப்பியும் சேதி போகவில்லை

செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், நான் ஓட்டும் பள்ளிக்கூட வேன்தான் இரண்டு வாரமாகப் படுத்தி எடுத்து இப்போதுதான் தேறியிருக்கிறது. உனக்குச் சளி விட்டதா? வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

வேன் கதையைக் கேள். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் கரகரவென்று சுற்றும், என்ஜின் மட்டும் பிடிக்காது, ஏழெட்டுத் தடவை கெஞ்சினால் மனசு வந்து கிளம்பும். என்ஜின் விளக்கு வேறு மஞ்சளாக எரிந்தது. உன் அப்பா ரிட்டயர் ஆனதிலிருந்து வேலை தேடிக்கொண்டிருக்கிறவர் அல்லவா, "நான் இருக்கேன், நீ ஏன் கவலைப்படறே" என்று பேட்டரியை மாற்றினார், பிளக்குகளை மாற்றினார், கடைசியில் அந்த விளக்கின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு "இப்போ எரியல பாரு" என்றார். திங்கட்கிழமை பிள்ளைகளுக்குக் கணக்குப் பரீட்சை. தபால் நிலைய முனையில் ஒரு பிள்ளையை ஏற்ற நிறுத்தி அணைத்தேன், மறுபடி பிடிக்கவே இல்லை. உள்ளே இருந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் கிளம்ப வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டார்கள், ஒருத்தி மட்டும் கிளம்பக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது பத்து நிமிஷம் தாமதம். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வேன் பார்த்துக்குவோம்" என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். இருபது வருஷமாக ஓட்டுகிறவளுக்கு எப்படி இருந்திருக்கும் சொல்.

அன்று மத்தியானமே அப்பாவைக் கேட்காமல் ஒரு எலக்ட்ரீஷியன் பெண்ணைக் கூட்டிவந்தேன், உன் வயசுதான் இருக்கும். என்னைச் சாவி திருப்பச் சொல்லி மீட்டரை மோட்டார் பக்கம் வைத்தாள், கரண்ட் வந்தது. என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகும் கம்பியில் வைத்தாள், பூஜ்யம். "மோட்டார் சுத்துதும்மா, ஆனா நீங்க ஸ்டார்ட் பண்றீங்கன்னு பெட்டிக்குச் சேதியே போகல. போனாத்தானே அது கிளம்பறதுக்குக் கூடுதலா பெட்ரோல் விடும்" என்றாள். ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து அந்தக் கம்பியோடு போனவள் ஒரு டேப் உருண்டையைப் பிரித்தாள். உள்ளே வெட்டி முறுக்கிய கம்பி விட்டுப்போய்க் கிடந்தது. "எந்தப் புண்ணியவான் வேலை இது? அவர் கையில ஸ்க்ரூடிரைவரே கொடுக்கக் கூடாது" என்றாள். பக்கத்தில் நின்ற உன் அப்பா "ஆமாம்மா, இந்தக் காலத்துல யாரை நம்புறது" என்று தலையாட்டினார் பார், சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு வயிறே வலித்தது. கோடையில் எனக்கு வெக்கையாக இருக்கிறதே என்று ஒரு குட்டி ஃபேன் மாட்டினார், அப்போது முதலில் வெட்டிய கம்பி அது. ஃபேன் சுற்றவில்லை என்றதும் அதைத் திரும்ப முறுக்கி டேப்பைச் சுற்றிவிட்டு வேறு கம்பிக்குத் தாவிவிட்டார், அது ஆடி ஆடி இப்போது விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பெண் புதுக் கம்பி போட்டு இணைத்தாள், சாவியைத் தொட்டதும் வேன் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் அப்பாவே வந்து "அது என் வேலைதான்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். திட்ட வாயெடுத்தேன், அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஃபேன் மாட்டிய அன்றைக்கு டார்ச் பிடித்தவள் நான்தான், "இந்தக் கம்பியாத்தான் இருக்கும், வெட்டுங்க" என்றவளும் நான்தான். அவருக்கு அது மறந்தே போய்விட்டது. மூன்று நாளாகப் பாத்திரமெல்லாம் அவர்தான் கழுவுகிறார், அதனால் நானும் ஞாபகப்படுத்தவில்லை. அவர் போனில் பேசினால் நீயும் வாயைத் திறக்காதே.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே போ.

உன் அம்மா