மூன்றாம் பிளாக் டவரின் ஸ்டே கம்பிகளை இறுக்க வேண்டாம்

அனுப்புநர்:
க. பங்கஜம், எம்.எஸ்ஸி.,
புள்ளியியல் விரிவுரையாளர்,
எண் 9, மூன்றாம் பிளாக், நெய்தல் குடியிருப்பு,
பெசன்ட் நகர், சென்னை - 90.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
நெய்தல் குடியிருப்புக் கூட்டுறவுச் சங்கம்,
சென்னை - 90.

பொருள்: ரேடியோ டவர் விபத்து, என் ஜூலை மனுவைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

திரு. அப்துல் கஃபாரின் நான்கு விரல்களைத் துண்டித்தது டவரா, தங்கள் உத்தரவா, நான் ஜூலையில் கொடுத்த மனுவா? நடந்ததை எழுதுகிறேன்.

1. கஃபார் ஓய்வுபெற்ற கப்பல் ரேடியோ அதிகாரி. அமெச்சூர் ரேடியோ உரிமம் உள்ளவர். மொட்டைமாடியில் அவர் வைத்திருந்த டவர், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று இரும்புச் சட்டங்கள். கம்பிவடம் சுற்றிய வின்ச் உருளையைச் சுற்றினால் உயரும், திருப்பிச் சுற்றினால் இறங்கும். உயர்ந்து நிற்கையில் மேலிரண்டு சட்டங்களின் பாரமும் ஒரே கம்பிவடத்தில்தான்.

2. அது காற்றில் ஆடுகிறது, நான்கு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி கட்ட வேண்டும் என்று மனு கொடுத்தவள் நான். கஃபார் தயாரிப்பாளரின் சுமை வரம்புத் தாளுடன் என் வாசலுக்கு வந்தார். "மேடம், இது தெருவிளக்குக் கம்பம் இல்ல. ஸ்டேயை இறுக்க இறுக்க டவரைக் கீழ இழுக்கும். அந்த ஒத்தை வடம் எவ்ளோதான் தாங்கும்?" என்றார். தன் பொம்மையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்தேன். தாளைப் படிக்கவில்லை. ஏழு நாளில் கட்டாவிட்டால் டவர் அகற்றப்படும் என்று தங்கள் உத்தரவு வந்தது. கட்டினார்.

3. இம்மாதம் 12ஆம் தேதி காலை காற்று வலுத்ததால் டவரை இறக்க முயன்றார். தொய்ந்த ஸ்டே கம்பி ஒன்று சட்டத்தில் சிக்கியது. விடுவிக்க ஏறினார். மூன்று மாதம் இழுபட்ட வடம் அறுந்தது. நடுச் சட்டம் அவர் வலது கைமீது இறங்கியது. நசுங்கிய அந்தக் கையிலேயே தொங்கினார். வாட்ச்மேன் கபாலி கடப்பாரையால் நெம்பும்வரை சத்தம் கேட்டு மாடிக்கு ஓடிய நான் அவர் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தேன். ரத்தம் என் தலையில் வழிந்தது. அலறியது அவரல்ல, நான். கபாலி மூன்று விரல்களைத் துண்டில் பொறுக்கினார், நான்காவது கிடைக்கவில்லை. "அவுரு வோணாம்னு சொல்லிக்கினே இருந்தாரே, நீங்க ஏம்மா கேக்கல?" என்றார்.

4. உச்சிச் சட்டம் பாதியில் சிக்கி, அதே கம்பிகளின் இழுப்பில் சாய்ந்து நிற்கிறது. அவற்றை மேலும் இறுக்க ஆள் அனுப்புவதாக அறிகிறேன். கூடாது. யாரையும் ஏற்றவும் கூடாது. கிரேன் உச்சியைப் பிடித்துக்கொண்ட பிறகே கம்பிகளைத் தளர்த்த வேண்டும். கஃபார் எச்சரித்தார், நான் கேட்கவில்லை என்பதையும் கோப்பில் பதியக் கோருகிறேன்.

இடம்: சென்னை
நாள்: 15-11-1995
(ஒப்பம்) க. பங்கஜம்

16-11-1995: இதைத் தபாலில் சேர்க்குமுன், இன்று காலை தங்கள் ஆட்கள் இருவர் ஸ்பானருடன் வந்தார்கள். "மனு குடுத்ததே நீங்கதானே மேடம்? உங்க கையெழுத்துதான் கீது, பாருங்க" என்றார் மூத்தவர். மொட்டைமாடிக் கதவைப் பூட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். சாவியைக் கேட்டுத் திட்டினார்கள். பத்தே முக்காலுக்கு உச்சிச் சட்டம் தானாகவே சரிந்தது. கதவு பிளந்து, ஒரு முழம் இரும்பு உள்ளே நீட்டியது. மூவருக்கும் காயமில்லை. அதன்பின் சாவியை யாரும் கேட்கவில்லை.