கிளறிய மண்ணின் செடிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலிக்கு "பரவாயில்லை" என்று எழுதாதே. மாத்திரை சாப்பிடுகிறாயா, இல்லையா என்று எழுது.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். காட்டுச்செடிகளின் இலைகளை அளந்து, எடை போட்டு, மூன்று கூட்டமாகப் பிரிக்கிறேன். முட்டிமோதி இடம் பிடிப்பவை, பல்லைக் கடித்துக்கொண்டு பஞ்சத்தைத் தாங்குபவை, மண்ணைக் கிளறியதும் முதல் ஆளாக வந்து நிற்பவை.

போன வாரம் ஒரு கூத்து. ஆள் நடமாட்டமில்லாத மேடு. எங்கும் பஞ்சம் தாங்கும் செடிகள்தான். நடுவில் ஒரு நீள்சதுரத்தில் மட்டும் கிளறிய மண்ணின் செடிகள். கணக்குத் தப்பென்று மூன்று தடவை அளந்தேன்.

ஜீப் டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், ஆறடிக்கு அளவெடுத்து யாரு தோட்டம் போட்டது?" என்று சிரித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

மேலதிகாரி, "நம்ம வேலை செடியோட சரிப்பா. கண்டுக்காம வா" என்றார். நான் கேட்கவில்லை, போலீஸில் சொல்லிவிட்டேன். இன்று தோண்டுகிறார்கள். இடத்தைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன். பயப்படாதே.

இன்னும் நாலு வருடம் போயிருந்தால் மற்றச் செடிகள் மூடியிருக்கும். அங்கே ஒருவர் கிடப்பது யாருக்குமே தெரிந்திருக்காது.

அப்பாவைப் புதைத்த இடத்தில் நீ வாராவாரம் பிடுங்குவதும் இதே செடிகள்தான். "நீ கிளறுறதாலதான் முளைக்குது, சும்மா விடும்மா" என்று கத்தினேனே, அதை மறந்துவிடு. பிடுங்கு.

அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டரை அனுப்பு. துவைக்க வேண்டாம். இங்கே குளிரெல்லாம் இல்லை, சும்மாதான் கேட்கிறேன்.

ஜீப் ஹாரன் அடிக்கிறது. மண்வெட்டியோடு ஆட்கள் ஏறிவிட்டார்கள்.

உன் மகன்