மங்கைக்கு இல்லாத செவ்வாய்

பிரிக்பீல்ட்ஸ்,
1934, மாசி, வியாழன்.

கிள்ளானில் இருக்கும் அன்பு மச்சாள் அன்னரத்தினத்துக்கு,

முருகன் துணையால் இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய்யாகிவிடும். நீ தந்துவிட்ட மாங்காய் ஊறுகாயைக்கூட இன்னும் திறக்கவில்லை, மனம் வரவில்லை.

உன் மகள் மங்கையர்க்கரசிக்குச் செவ்வாய்க் குற்றம் என்று நாங்கள் சொல்லியனுப்பியது பச்சைப் பொய். குறிப்பு நன்றாகவே பொருந்தியது. பெண் பார்க்க வந்த அன்று, கையில் தேத்தண்ணிக் கோப்பையுடன் என் வீட்டுக்காரர், பொருத்தம் "டு எ டீ" என்றாரே, நினைவிருக்கும். அச்சொட்டாகப் பொருந்துவதை இங்கிலீஷ்காரர் அப்படித்தான் சொல்வார்களாம். அதோடு நிறுத்தினாரா மனிதர்? ரயில்வேயில் படம் வரைகிற உத்தியோகம் அல்லவா, தாங்கள் கோடு போடுகிற, இங்கிலீஷ் டீ எழுத்து வடிவான டீ ஸ்குவேர் பலகையிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது என்று பெரிய விளக்கம் வைத்தார்.

அப்போதுதான் பிள்ளை மங்கை வாய் திறந்தாள். "மாமா, அந்தப் பலகை வர முந்தியே இந்தச் சொல் இருந்ததாம். டிட்டில் எண்டால் எழுத்துக்கு மேலை வைக்கிற சின்னப் புள்ளி. அதுதான் டீ எண்டு சுருங்கி வந்திருக்கும் எண்டு எங்கடை டீச்சர் சொன்னவ. ஆனால் நிச்சயமாய்த் தெரியாதாம்." எவ்வளவு பணிவாகச் சொன்னாள்! என் மகன் விஜயன் சிரித்துவிட்டான். இவருக்கு அந்தச் சிரிப்புத்தான் சுட்டது. மறுநாள் காலை மங்கையின் குறிப்பில் செவ்வாய் முளைத்துவிட்டது.

வாய்க்காரி மருமகள் வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லாமல் கிரகத்தின்மேல் பழியைப் போட்டார். நான் மட்டும் என்ன திறம்? கோயிலில் பெண்டுகள் கேட்டபோது ஆமென்று தலையாட்டினேன். அதைக் கேள்விப்பட்டு மங்கைக்கு வந்த இன்னொரு சம்பந்தமும் நின்றுவிட்டதாம்.

நேற்று இவர் வேலை செய்கிற கந்தோரில் பெரிய அகராதியைப் பார்த்துவிட்டு வந்தார். பலகைக் கதை நிற்காதாம், புள்ளிக் கதைதான் பொருந்துமாம். பிள்ளை சொன்னதுதான் சரி என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சரியோ பிழையோ, அதற்காக ஒரு பெண்பிள்ளையின் குறிப்பில் கறை பூசுவதா என்று கேட்டேன்.

நாளை வெள்ளிக்கிழமை கோயிலில், அதே பெண்டுகள் முன்னால், நாங்கள் சொன்னது பொய் என்று சொல்லப்போகிறேன். ஞாயிறன்று இவர் உங்கள் வீட்டுக்கு வருவார். உன் கணவர் கந்தையா அண்ணர் எவ்வளவு ஏசினாலும் கேட்டுக்கொள்ளட்டும். கதவை மட்டும் சாத்திவிடாதே.

மங்கை எங்கே வாழப் போனாலும், அவள் வாய் திறந்தால் கேட்கிற வீடாக அமைய முருகன் அருளட்டும். அது எங்கள் வீடாக இருக்கலாமா என்று கேட்க எனக்கு முகமில்லை. விஜயன் கேட்கச் சொல்கிறான்.

தலை நிமிர முடியாத மச்சாள்,
குணபூசணி