ஹெல்மெட் அடங்காத பெட்டி

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கப்பலில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் மகள் வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. ஆனாலும் வாய் ஓயவில்லை. தன் அம்மாவைப் பற்றி மட்டும்தான், அவள் கண்ணை மூடியதிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தாள்.

போன மாதம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பயப்படாதே, காய்ச்சல் இல்லை. அங்கே ஒரு நர்சம்மா, அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகளுக்கு ஞாபகப் பெட்டி செய்யச் சொல்லித்தருகிறார். போனவர்களின் பொருள்களைப் பிள்ளைகளே தேடி எடுத்து அதில் வைக்க வேண்டும்.

நான் பெரிய புத்திசாலி மாதிரி உன் மனைவியின் ஸ்வெட்டரைத் துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்துப்போனேன். நர்சம்மா மோந்து பார்த்துவிட்டு, "நல்லா கெடுத்தீங்க போங்க! இதுல சோப்புதான் இருக்கு, அம்மா இல்லையே" என்று எல்லார் முன்னாலும் ஒரு போடு போட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பிறகு வாலுவிடம், அம்மாவுக்கு என்னென்ன செய்ய வராது என்று கேட்டார். யாருக்குத் தம்பி இப்படிக் கேட்கத் தோன்றும்? அம்மாவுக்கு விசிலடிக்க வராது, ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட வராது, பக்கத்து வீட்டு மாமாதான் ஓடிவரணும் என்று மளமளவென்று சொல்லிவிட்டு, பொக்கை வாய் தெரியச் சிரித்தாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அடுத்த வாரம் அம்மாவின் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நல்லவேளை, அது என் கைக்குத் தப்பியிருந்தது. உள்ளே தலைமுடி வாசனை அப்படியே இருக்கிறது. ஞாபகப் பெட்டியாக வைத்திருந்த செருப்புப் பெட்டியில் அது அடங்கவில்லை. சின்னதாக வேறு ஏதாவது வைக்கலாமே என்றேன். நர்சம்மா முறைத்தார். "பெட்டி பத்தலேன்னா பெட்டியத்தான் மாத்தணும்" என்று மருந்து வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, மூடியோடு கொடுத்துவிட்டார். டியூட்டி முடிந்தபின் வீட்டுக்குப் போகாமல் செய்கிறார் இதை. என்ன மனுஷி!

நேற்று வாலு அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அத்தை, அம்மா எப்படிப் பேசுவாங்கன்னு மறந்துபோச்சு" என்றாள். அவள் உனக்குப் பேசி அனுப்பின குரல் உன் போனில்தான் இருக்கிறது. அனுப்பச் சொல்லும்போதெல்லாம் நீ பேச்சை மாற்றுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சினதுதான் வேண்டும் என்றில்லை, உன்னைத் திட்டினதாக இருந்தாலும் போதும்.

அதைத் திறக்க உனக்குப் பயம் என்று எனக்குத் தெரியாதா? உன் அக்காடா நான். தனியாகக் கேட்க வேண்டாம். லீவு போட்டு, போனை எடுத்துக்கொண்டு வந்து சேர். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் உன் மகள். நடுவில் நீ உட்கார்ந்துகொள்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா