பால் வரிசையில் ஒரு வினையடை

என் சண்டைக்காரி சரோஜாவுக்கு,

இன்று காலையும் வரிசையில் என் பைக்குப் பின்னால் உன் பால் பைதான் இருந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றபடி நம் தில்லி மோதி பாக்கில் எல்லாம் பழையபடியே. குளிர் ஆரம்பித்துவிட்டது. மாடி வீட்டு அம்மாள் இன்னமும் நம் கொடியில்தான் தன் துணியை உலர்த்துகிறாள். கேட்க நீ இல்லை அல்லவா?

நான் இந்தக் குவார்ட்டர்ஸில் இருப்பதே உன்னால்தான். நீ இருந்தபோது சொல்லியிருந்தால் திட்டியிருப்பாய். என் வீட்டுக்காரர் போன பிறகு, கருணை அடிப்படையில் அவர் ஆபீஸிலேயே எனக்கு வேலை கொடுத்தார்கள். ஆனால் இங்கிலீஷ் தாளில் தேறினால்தான் வேலை நிலைக்கும், வேலை நிலைத்தால்தான் வீடு தங்கும். இல்லாவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேற வேண்டியதுதான். ஊரில் யார் எனக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்?

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த நீ டீச்சர் இல்லை, எதிர்வீட்டு டைப்பிஸ்ட். நம் இருவருக்கும் ஒரே வயது, இருவருக்கும் நேரம் கிடையாது. அதனால் பால் பூத் வரிசையே வகுப்பாகிவிட்டது. காலி பாட்டில்களோடு பைகளை வரிசையில் வைத்துவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓரமாக நிற்போம். வண்டி ஒருநாளும் நேரத்துக்கு வராது.

எனக்குத் தடுக்கியது வினையடையில்தான். தமிழில் அழகுக்குப் பின்னால் ‘ஆக’ வருகிற மாதிரி இங்கிலீஷில் ‘லி’ வரும் என்றாய். ஸ்லோ, ஸ்லோலி. அப்படியானால் திருநெல்வேலியும் தில்லியும் வினையடையா என்று கேட்டேன். முறைத்தாய். மறுநாளே, ‘ஃப்ரெண்ட்லி’யில் லி இருந்தும் அது வினையடை இல்லை, வேகமாக ஓடுகிறான் என்று சொல்ல வரும் ‘ஃபாஸ்ட்’டில் லி இல்லாமலே அது வினையடை என்று குண்டைப் போட்டாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“வாலைப் பாக்காதடி. வினையைப் பிடிச்சு எப்படின்னு கேளு, எப்பன்னு கேளு. எது பதில் சொல்லுதோ அதுதான்” என்றாய்.

அதன் பிறகு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் நமக்குப் பாடம் ஆனார்கள். தில்லித் தமிழர்களுக்கே உள்ள கெட்ட பழக்கம் நமக்கும் உண்டு. யாருக்குப் புரியப்போகிறது என்று பக்கத்தில் நிற்பவரைப் பற்றியே உரக்கப் பேசுவோம். இங்கிலீஷுக்கு மாறிய பிறகும் குரலைக் குறைக்க மறந்துபோனோம். மஃப்ளர் கட்டிய பெரியவர் ஒருவரைப் பார்த்து, “ஹி இஸ் ஸ்டாண்டிங் லேஸிலி” என்று நான் சத்தமாக ஒப்பித்தேன்.

அவர் திரும்பினார். “நாட் லேஸிலி, பெஹன்ஜி. ஹோப்ஃபுலி” என்று சகோதரியிடம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, பால் வண்டி வராத சாலையைக் கையால் காட்டினார். நீ சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாய். எனக்கு மானம் போயிற்று, ஆனால் பாடம் அன்றைக்குத்தான் ஏறியது. தேறினேன். வீடும் தங்கியது.

மழைக்காலத்தில் உன்னை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது, வேறென்ன கேட்பதென்று தெரியாமல், எப்படிப் படுத்திருக்கிறாய் என்று இங்கிலீஷில் கேட்டேன். “ஹோப்ஃபுலி” என்றாய். நான் நம்பிவிட்டேன். எனக்காகத்தான் அப்படிச் சொன்னாயா?

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு பூத்துக்குப் போனேன். உன் வீட்டிலும் மனிதர்கள் பால் குடிக்க வேண்டுமே. உன் வீட்டுக்கார அண்ணன் இன்னும் கட்டிலை விட்டு எழவில்லை, உன் பிள்ளை விஜிக்கு ஸ்கூல். எனக்குப் பின்னால் மஃப்ளர்காரர். இன்னொரு பெஹன்ஜி எப்போது வருவார் என்று இந்தியில் விசாரித்தார். இங்கிலீஷில் சொன்னால் அழாமல் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

“ஷி வில் நாட் கம்” என்றேன். முடியவில்லை, சரோஜா. அழுதுவிட்டேன்.

வண்டி வந்து வரிசை நகர்ந்தது. அங்கே பையை எல்லாரும் காலால்தான் தள்ளுவார்கள், உனக்குத் தெரியும். மஃப்ளர்காரர் ஒவ்வொரு முறையும் குனிந்து, உன் பையைக் காதைப் பிடித்துத் தூக்கி, பாட்டில் ஒன்றோடொன்று இடிக்காமல் முன்னால் வைத்தார். பூத் ஜன்னல்வரை அப்படியே கொண்டுவந்தார். நீ சொன்னபடி வினையைப் பிடித்து, எப்படி என்று கேட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த லி எதுவும் போதவில்லை. தமிழிலும் சட்டென்று வரவில்லை. உனக்கு வந்திருக்குமோ?

நீ தங்கவைத்த இந்த வீட்டிலிருந்து உன் வீட்டு வாசலுக்கு நாலு எட்டுதான். உங்கள் பாலை இனி நான்தான் வாங்கி வைப்பேன். எப்போது என்று கேள்.

டெய்லி.

வரிசையில் உனக்கு முன்னால் நிற்கும்
உன் எதிர்வீட்டுச் சகோதரி,
முத்துலட்சுமி